செல்போன் ஊமையானால் யாரை கூப்பிடுவது?

"பொதுமக்கள் ரேடியோ" ஆபத்துக்கு உதவுமா?

தென்காசி மாவட்டத்தில், மேற்கு தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாசுதேவநல்லூர். பூலித்தேவரின் கோட்டை இருந்த ஊர். வீரம் விளைந்த நெற்கட்டும்செவல் இதற்கு பக்கத்தில்தான் இருக்கிறது.

ஊர் வழியாக பெரிய சாலை ஒன்று ஓடுகிறது. திருமங்கலத்தில் தொடங்கும் அந்த சாலை, ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை என்று போய், மலையை தாண்டி, கேரளாவில் உள்ள கொல்லத்தில் முடிகிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடும் சாலை அது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்து கொள்ளும்.

சாலைக்கு மேற்கே வயல்கள். வயல்களை அடுத்து தென்னந்தோப்புகள், வாழை தோட்டங்கள். அதற்கு அப்பால் காடு. தோப்பில் குருத்தை தின்ன, இரவு நேரத்தில் யானைகள் இறங்கி வரும். பயிரை காப்பாற்ற விவசாயிகள் கண் விழித்து காவல் இருப்பார்கள்.

சாலையில் விபத்து நடக்கலாம். தோப்பில் பாம்பு கடிக்கலாம். மலையில் மழை பெய்து, ஓடையில் திடீரென்று வெள்ளம் வரலாம். ஆபத்து வந்ததும் கை எதை தேடும்? செல்போனைத்தான்!

ஆனால், மலை மறைவில் செல்போன் பல நேரம் வேலை செய்வது இல்லை. பெருமழை பிடித்து கொண்டால் ஊருக்குள்ளேயே வேலை செய்யாது.

"அமெரிக்காவில் லாரி டிரைவர்கள் ஒரு ரேடியோ வைத்திருக்கிறார்களாம். அதில் பேசினால் டெலிபோன் இல்லாமலே உதவி கிடைக்குமாம். நம் நாட்டிலும் அதற்கு லைசென்சு தேவை இல்லையாம். அதை வாங்கி வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

நல்ல கேள்விதான். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. விடையை பார்ப்போம்.

வெள்ளத்தில் நின்ற ரெயில்

செல்போன் ஊமையானால் என்ன நடக்கும் என்பதை தென் மாவட்ட மக்கள் நேரில் பார்த்துவிட்டார்கள்.

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை! ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரு பகல், ஓர் இரவில் கொட்டிவிட்டது. தாமிரபரணி பொங்கியது. குளங்கள் உடைந்தன.

17-ந் தேதி இரவு, திருச்செந்தூரில் இருந்து சென்னைக்கு எக்ஸ்பிரஸ் ரெயில் புறப்பட்டது. வழியில் ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்தில் அது நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் போக பாதை இல்லை. தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணையும் கல்லையும் வெள்ளம் அரித்து கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

ரெயிலில் சுமார் 800 பேர் இருந்தார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள். சுற்றிலும் வெள்ளம். சிலர் அருகில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அழைத்து செல்லப்பட்டனர். மற்றவர்கள் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டனர். 19-ந் தேதிதான் அவர்கள் எல்லோரும் மீட்கப்பட்டனர்.

அந்த நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரம் இல்லை. செல்போன்களும் வேலை செய்யவில்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகள், ஊரில் உள்ள தாய் தந்தையரின் கதி என்ன என்று தெரியாமல் தவித்தார்கள். கூப்பிட்டு கூப்பிட்டு விரல்தான் வலித்தது!

போன் ஏன் ஊமையாகிறது?

செல்போன் கையில் இருக்கும் சின்ன கருவிதான். ஆனால் அது தனியாக ஒன்றும் செய்யாது. அதற்கு பின்னால் ஒரு பெரிய பட்டாளமே வேலை செய்கிறது.

வாசுதேவநல்லூரில் ஒருவர் பேசினால், அந்த பேச்சு முதலில் பக்கத்தில் உள்ள கோபுரத்துக்கு போகிறது. அங்கிருந்து பூமிக்கு அடியில் ஓடும் கேபிள் மூலமோ, இன்னொரு கோபுரம் மூலமோ பெரிய நிலையத்துக்கு போகிறது. அங்கிருந்து திரும்பி, கேட்பவர் ஊரில் உள்ள கோபுரத்துக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினாலும் இப்படி சுற்றித்தான் போக வேண்டும்!

இந்த சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். மின்சாரம் போனால் கோபுரம் பாட்டரியில் ஓடும். சில மணி நேரத்தில் பாட்டரியும் தீர்ந்துவிடும். டீசல் கொண்டு போக வேண்டும் என்றால் சாலை இருக்க வேண்டும். சாலையே வெள்ளத்தில் போய்விட்டால்?

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆபத்து காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கோபுரம் திணறி போகும். திருவிழா கூட்டத்தில் சின்ன வாசல் வழியாக எல்லோரும் ஒரே சமயத்தில் நுழைந்தால் என்ன ஆகுமோ, அதே கதைதான்.

கம்பி காலத்திலும் இதே துன்பம் இருந்தது. 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவில் தனுஷ்கோடியை புயல் விழுங்கியது. பாம்பனில் இருந்து போன ரெயிலை, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடல் அடித்து கொண்டு போயிற்று. தந்தி, டெலிபோன் கம்பிகள் அறுந்துவிட்டதால், நடந்த கொடுமை வெளி உலகுக்கு உடனே தெரியவில்லை.

2015-ம் ஆண்டு சென்னை வெள்ளத்திலும், 2018-ம் ஆண்டு நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலிலும், போன்கள் மக்களை கைவிட்டன.

கோபுரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்

இனி ரேடியோவுக்கு வருவோம்.

"சிட்டிசன்ஸ் பேண்ட்" என்று அதற்கு பெயர். சுருக்கமாக சி.பி. ரேடியோ. பொதுமக்களுக்கு என்று ஒதுக்கிய அலைவரிசை என்பது பொருள். போலீசுக்கு தனி அலை, கப்பலுக்கு தனி அலை, விமானத்துக்கு தனி அலை இருப்பதுபோல, சாதாரண மக்கள் பேசிக்கொள்வதற்கு என்று ஓர் அலை.

இதில் பேசும் முறை எளிது. பொத்தானை அழுத்தினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. ஆகவே, பேசி முடித்ததும் "ஓவர்" என்று சொல்லி அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

இந்த கருவியில் இருந்து கிளம்பும் அலை, நேரே அடுத்த கருவிக்கு போய் சேருகிறது. நடுவில் கோபுரம் இல்லை. கேபிள் இல்லை. கம்பெனி இல்லை. மாத கட்டணமும் இல்லை. லாரி பாட்டரி இருந்தால் போதும்.

இன்னொரு வசதி: ஒருவர் பேசினால், அதே எண்ணில் கருவியை திறந்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். யார் எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டியது இல்லை. "காப்பாற்றுங்கள்" என்று தெருவில் நின்று கத்துவது போலத்தான். காதில் விழுந்தவர் ஓடி வருவார்.

லாரி டிரைவர்களின் தோழன்

அமெரிக்காவில் 1958-ம் ஆண்டு, 27 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசை பொதுமக்களுக்கு திறந்துவிடப்பட்டது. முதலில் 23 எண்கள். 1977-ல் இது 40 ஆக உயர்ந்தது.

1973-ம் ஆண்டு இறுதியில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அமெரிக்காவில் பெட்ரோல், டீசல் தட்டுப்பாடு. வண்டிகள் மணிக்கு 55 மைலுக்கு மேல் போக கூடாது என்று சட்டம் வந்தது. எந்த பங்கில் டீசல் கிடைக்கும்? எங்கே போலீஸ் நிற்கிறது? இதை எல்லாம் லாரி டிரைவர்கள் ஒருவருக்கு ஒருவர் ரேடியோவில் சொல்லிக்கொண்டார்கள். அதோடு, "முன்னால் விபத்து, மெதுவாக வா" என்ற செய்தியும் பறந்தது.

பிறகு பைத்தியம் பிடித்ததுபோல மக்கள் இதை வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர். அந்த நாளில் ஜனாதிபதியாக இருந்த போர்டின் மனைவி பெட்டி போர்டுகூட இதில் பேசினார். அவர் வைத்து கொண்ட பெயர், "முதல் அம்மா"!

ஒன்பதாம் எண்

விளையாட்டு ஒருபுறம் இருக்க, இந்த ரேடியோ பல உயிர்களையும் காப்பாற்றியது.

40 எண்களில் ஒன்பதாம் எண், ஆபத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. அதில் வீண் பேச்சு பேச கூடாது. விபத்து, தீ, நோய் என்றால் மட்டும் கூப்பிடலாம்.

ஒதுக்கிவிட்டால் போதுமா? யாராவது கேட்க வேண்டாமா? அதற்காக "ரியாக்ட்" என்ற தொண்டர் சங்கம் இருந்தது. அது 1962-ம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. தொண்டர்கள் முறை வைத்து தங்கள் வீட்டில் கருவியின் முன் உட்கார்ந்தார்கள். சாலையில் யாராவது உதவி கேட்டால், உடனே வீட்டு டெலிபோனில் போலீசையோ ஆஸ்பத்திரியையோ கூப்பிட்டு சொன்னார்கள். சம்பளம் கிடையாது. நன்றி ஒன்றுதான் கூலி.

சி.பி. ரேடியோ உயிர் காத்த ரகசியம் இதுதான். கருவி பாதி. கருவியின் முன் விழித்திருந்த மனிதர் மீதி.

மவுசு குறைந்தது

1980-க்கு பிறகு காட்சி மாறியது. கூட்டம் அதிகமாகி, ரேடியோவில் ஒரே கூச்சல். பிறகு செல்போன் வந்தது. சட்டை பையில் டெலிபோன் இருக்கும்போது, வண்டியில் பெரிய பெட்டி எதற்கு என்று மக்கள் அதை கழற்றி வைத்தார்கள். ஒன்பதாம் எண்ணை கேட்கும் தொண்டர்களும் குறைந்தார்கள்.

அமெரிக்காவில் இன்றும் லாரி டிரைவர்கள் பலர் 19-ம் எண்ணில் பேசிக்கொள்கிறார்கள். சாலை நெருக்கடி, பனி, விபத்து பற்றி அறிய அது உதவுகிறது. ஆனால் ஆபத்துக்கு இதை மட்டும் நம்பி இருப்பவர்கள் அங்கேயும் குறைவுதான்.

நம் நாட்டில் என்ன சட்டம்?

நம் நாட்டில் கம்பியில்லா கருவிகளுக்கு 1933-ம் ஆண்டு சட்டம் ஒன்று நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது அந்த சட்டம். 2023-ல் புதிய தொலைத்தொடர்பு சட்டம் கொண்டு வரப்பட்டது.

இதற்கு நடுவே, 2005-ம் ஆண்டு மத்திய அரசு ஒரு சலுகை கொடுத்தது. 27 மெகா ஹெர்ட்சை ஒட்டிய பொதுமக்கள் அலைவரிசையில், 5 வாட்டுக்கு மேற்படாத சக்தி உள்ள கருவிகளுக்கு லைசென்சு தேவை இல்லை என்று விதி வந்தது.

பிறகு 446 மெகா ஹெர்ட்ஸ் அலையில் ஒரு சிறு பகுதியும் (446.0 முதல் 446.2 வரை) இப்படி திறந்துவிடப்பட்டது. கையில் பிடித்து பேசும் சிறிய "வாக்கி டாக்கி" கருவிகளுக்கு இது பயன்படுகிறது.

ஆகவே, சட்டம் கதவை திறந்துவிட்டது. ஆனால் உள்ளே ஆள் இல்லை!

அமெரிக்காவில் இருந்ததுபோல, நம் நாட்டில் சி.பி. ரேடியோ பரவவில்லை. நம் லாரிகளில் அது கிடையாது. போலீஸ் நிலையத்தில் வேறு அலை. வனத்துறையிடம் வேறு அலை. 108 ஆம்புலன்சை இதில் கூப்பிட முடியாது. ஒன்பதாம் எண்ணை கேட்க இங்கே தொண்டர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே ஒருவர் காட்டு ஓரத்தில் நின்று, புத்தம் புது சி.பி. ரேடியோவில் "உதவி, உதவி" என்று தொண்டை கிழிய கத்தினாலும், அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

தூரமும் கவனிக்க வேண்டிய விஷயம். நான்கு, ஐந்து வாட்டு என்பது சின்ன பல்பு எரியும் சக்திதான். வண்டியில் நல்ல ஏரியல் வைத்தால், சமவெளியில் சில கிலோ மீட்டர் முதல் 15 கிலோ மீட்டர் வரை கேட்கலாம். கையில் பிடிக்கும் கருவி என்றால் இன்னும் குறையும். நடுவில் மலை வந்தால் அதோடு சரி. அலை மலையை துளைத்து போகாது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாகும் காலம் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை வரும். அப்போது 27 மெகா ஹெர்ட்ஸ் அலைகள் வானத்தின் மேல் அடுக்கில் பட்டு, பந்துபோல் எகிறி, ஆயிரக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பால் போய் விழும். அடுத்த ஊருக்கு கேட்காத குரல் அடுத்த தேசத்துக்கு கேட்கும்! அங்கே இருந்து வரும் குரல்களும் இங்கே வந்து இரையும். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆபத்துக்கு இதை நம்ப முடியுமா? முடியாது.

அந்தமானில் ஒரு பெண்

"அப்படியானால் ரேடியோவே வீணா?" என்று கேட்க கூடாது. சி.பி. ரேடியோவுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். அவன் பெயர் "ஹாம்" ரேடியோ.

இது அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி, லைசென்சு வாங்கி நடத்தும் ரேடியோ. இதில் வியாபாரம் பேச கூடாது. இது முழுக்க பொழுதுபோக்கும் தொண்டும்தான். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் இந்த லைசென்சு வைத்திருந்தவர்.

ஹாம் ரேடியோவில் பல அலைவரிசைகள் உண்டு. சக்தியும் அதிகம். சிற்றலையில் பேசினால், வானத்தில் எகிறி போய், மலையை தாண்டி, கடலை தாண்டி கேட்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், உலகம் எங்கும் இதை கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பரில், பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானுக்கு போயிருந்தது. பல ஆண்டுகளுக்கு பிறகு அங்கே ஹாம் ரேடியோவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. போர்ட் பிளேரில் இருந்து உலகம் எங்கும் பேசி மகிழ்வதுதான் அவர்கள் நோக்கம்.

டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. பூமி ஆடியது. கடல் பொங்கியது. சுனாமி!

தீவுகளில் டெலிபோன் செத்தது. பாரதி பிரசாத்தின் குழுவினர் ஓடிவிடவில்லை. கருவியை வைத்து நிலையம் அமைத்து, நாட்டுக்கு செய்தி அனுப்ப தொடங்கினார்கள். கார் நிக்கோபார் தீவிலும் தொடர்பு ஏற்படுத்தினார்கள். "உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான்" என்ற சொல்லுக்காக உருகி கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த ரேடியோ வழியாக சேதி போயிற்று.

விளையாட கொண்டு போன கருவி, விதி மாறியபோது உயிர் காக்கும் கருவி ஆனது.

இலங்கையிலும், வயநாட்டிலும்

அதே சுனாமி இலங்கையின் தென்கரையில் உள்ள அம்பாந்தோட்டையையும் அழித்தது. அங்கேயும் டெலிபோன் இல்லை. விக்டர் குணதிலகா முதலிய ஹாம் தொண்டர்கள் கார் பாட்டரியில் ஓடும் சிற்றலை கருவிகளை அங்கு அனுப்பி, கொழும்பில் பிரதமர் அலுவலகத்தோடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். என்ன தேவை, எங்கே தேவை என்பது அந்த வழியாக தெரிந்தது.

இருபது ஆண்டு ஓடிவிட்டது. செல்போன் இல்லாத கை இல்லை என்ற காலம் வந்துவிட்டது. ஆனாலும் 2024-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி கேரளாவில் வயநாட்டில் மலை சரிந்து, முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை மண் மூடியபோது, ஹாம் தொண்டர்கள் மறுபடியும் தேவைப்பட்டார்கள். கல்பெட்டாவில் கலெக்டர் அலுவலகத்தில் அவர்கள் நிலையம் அமைத்து, மலையில் இருந்த மீட்பு குழுவோடு பேச வழி செய்தார்கள்.

வாசுதேவநல்லூர் மக்கள் நினைத்து பார்க்க வேண்டிய செய்தி இது. வயநாடும் மேற்கு தொடர்ச்சி மலைதான். இதுவும் அதே மலைதான்.

கடலில் நடந்த கொடுமை

தூரம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒக்கி புயல் சாட்சி.

2017-ம் ஆண்டு நவம்பர் இறுதியில், கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் நடுக்கடலில் மீன்பிடித்து கொண்டிருந்தனர். கரையை விட்டு பல நாள் பயணம் போகிறவர்கள் அவர்கள். அப்போது புயல் உருவாயிற்று. படகுகளில் கம்பியில்லா கருவி இருந்தது. கப்பல்களும் படகுகளும் ஆபத்துக்கு என்று கேட்கும் 16-ம் எண்ணும் அதில் இருந்தது. ஆனால் அந்த அலை சில பத்து கிலோ மீட்டர்தான் போகும். அதற்கு அப்பால் இருந்தவர்களுக்கு கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. அவர்கள் அலறியது கரைக்கு கேட்கவில்லை. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை.

அதற்கு பிறகுதான், செயற்கைக்கோள் வழியாக செய்தி அனுப்பும் கருவிகளை மீனவர்களுக்கு கொடுக்கும் வேலை வேகம் பிடித்தது.

தெரிந்து கொண்டது என்ன?

இத்தனை சம்பவங்களையும் சேர்த்து பார்த்தால் மூன்று உண்மைகள் தெரியும்.

ஒன்று: கோபுரம் சாய்ந்தால், கருவிக்கு கருவி நேரே பேசும் ரேடியோதான் கடைசி துணை.

இரண்டு: எட்டும் தூரத்தில் கேட்கும் ஆள் இருக்க வேண்டும். இல்லையேல் கருவி இருந்தும் பயன் இல்லை.

மூன்று: ஆபத்து வந்த பிறகு கருவியை தேட கூடாது. முன்பே பழகி இருக்க வேண்டும். அந்தமானிலும் அம்பாந்தோட்டையிலும் உதவியவர்கள், பல ஆண்டு பழகியவர்கள்.

குடும்பங்கள் என்ன செய்யலாம்?

முதலில், கையில் இருக்கும் செல்போனை சரியாக பயன்படுத்த தெரிந்து கொள்ள வேண்டும்.

எந்த ஆபத்துக்கும் 112. ஆம்புலன்சுக்கு 108. தீயணைப்புக்கு 101. வெள்ளம், புயலுக்கு மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல் படை 1554. இந்த எண்களை சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். வீட்டில் உள்ள சிறுவர்களுக்கும் சொல்லி கொடுக்க வேண்டும்.

நம் கம்பெனியின் சிக்னல் இல்லை என்று போனை பையில் போட்டுவிட கூடாது. வேறு கம்பெனியின் சிக்னல் அங்கே இருந்தால், 112 அதன் வழியாக போக இடம் உண்டு. ஆகவே முயன்று பார்க்க வேண்டும்.

பேச்சு போகாத இடத்தில் சில நேரம் குறுஞ்செய்தி போகும். அதையும் அனுப்பி பார்க்கலாம்.

லைன் கிடைத்ததும், "ஐயோ, அம்மா" என்று அழுது நேரத்தை போக்க கூடாது. முதலில் இடத்தை சொல்ல வேண்டும். ஊர் பெயர், சாலை, பக்கத்தில் உள்ள கோவில் அல்லது கிலோ மீட்டர் கல். அதற்கு பிறகு என்ன நடந்தது என்பதை சொல்லலாம். பாதியில் லைன் அறுந்தாலும், எங்கே வர வேண்டும் என்பது அவர்களுக்கு தெரிந்துவிடும்.

மழை காலத்தில் போனை எப்போதும் சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். மின்சாரம் போனபின் படம் பார்த்து பாட்டரியை தீர்க்க கூடாது. பாட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. அதில் பேச முடியாது. ஆனால் வானிலை செய்தி கேட்கலாம்.

தோப்பு காவலுக்கு வாக்கி டாக்கி

லைசென்சு இல்லாத சிறு ரேடியோக்களுக்கும் இடம் உண்டு. தோப்பில் காவல் இருப்பவரிடம் ஒன்று. ஊர் ஓரத்தில் உள்ள வீட்டில் ஒன்று. சில கிலோ மீட்டருக்குள் இது உதவும். யானை இறங்கினால், பாம்பு கடித்தால், வீட்டில் இருப்பவர் கேட்டு ஊரை எழுப்பலாம். செல்போன் கிடைக்கும் இடத்துக்கு ஓடி 108-ஐ கூப்பிடலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டில் உள்ள கருவி திறந்திருக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். எந்த எண், எத்தனை மணிக்கு ஒரு முறை பேசுவது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். "பத்து மணிக்கு குரல் வரவில்லையே" என்று தேடி போகும் ஒருவர் இருந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லாவிட்டால் அது வெறும் பொம்மை.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். 446 அலைக்கு உட்பட்டது, அரசு அனுமதி பெற்றது என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவாக கிடைக்கிறது என்று போலீஸ் அலையில் பேச கூடிய கருவியை வாங்கினால் வம்பு வரும். அப்படிப்பட்ட கருவிகள் இணையத்தில் தாராளமாக விற்கப்படுவதை தடுக்க, 2025-ம் ஆண்டு மத்திய அரசு தனி விதிமுறைகளே வெளியிட்டது. அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பதும் குற்றம்.

பள்ளி மாணவர்கள் படிக்கலாம்

ஹாம் லைசென்சுக்கு பட்டப்படிப்பு தேவை இல்லை. 12 வயது நிரம்பினால் பரீட்சை எழுதலாம். ரேடியோ எப்படி வேலை செய்கிறது, விதிகள் என்ன என்பவைதான் பாடம். எட்டாம் வகுப்பு பையனும் பெண்ணும் முயன்றால் தேறிவிடலாம். மேல்நிலை லைசென்சுக்கு மட்டும் "கட்டு, கடா" என்று ஒலிக்கும் பழைய தந்தி மொழியும் தெரிய வேண்டும்.

ஊருக்கு ஒரு ஹாம் நிலையம் இருந்தால் என்ன ஆகும்? கோபுரம் சாய்ந்தாலும், பாலம் உடைந்தாலும், ஒரு கார் பாட்டரியும் ஒரு கம்பி ஏரியலும் போதும். வாசுதேவநல்லூரில் இருந்து தென்காசிக்கும், சென்னைக்கும் செய்தி போகும். "இங்கே வெள்ளம். படகு வேண்டும். பால் பவுடர் வேண்டும்" என்று சொல்ல ஒரு குரல் இருக்கும்.

பள்ளிக்கூடங்களில் சாரணர் படை இருக்கிறது. செஞ்சிலுவை சங்கம் இருக்கிறது. அவற்றோடு ஒரு ஹாம் குழுவும் இருந்தால், படிப்புக்கு படிப்பு, ஊருக்கு உதவி.

தீர்ப்பு

சி.பி. ரேடியோ ஆபத்துக்கு இன்னும் உதவுமா என்பதுதான் கேள்வி.

கேட்பதற்கு ஆள் உள்ள இடத்தில் உதவும். நம் ஊரில் இப்போது அதை கேட்பார் இல்லை. ஆகவே, அதை மட்டும் நம்பி மலை ஏறுவது, மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது போல.

ஆனால் அந்த ரேடியோ சொல்லி கொடுத்த பாடம் பழையது ஆகவில்லை. அந்த நாளில் அமெரிக்காவில் முன்பின் தெரியாத ஒருவருக்காக, இரவெல்லாம் கருவியின் முன் விழித்திருந்தார்களே, அவர்கள்தான் ஒன்பதாம் எண்ணுக்கு உயிர் கொடுத்தார்கள்.

கருவியை கடையில் வாங்கிவிடலாம். விழித்திருக்கும் காதை கடையில் வாங்க முடியாது. அதை ஊர்தான் உண்டாக்க வேண்டும். அடுத்த பெருமழைக்கு முன்பே!